சி-யா, எஸ்-ஸா? ‘பண்ணு’ போட்டுப் பாருங்கள்

ஒரு வேலை விண்ணப்பத்தில் டிரைவிங் லைசென்ஸ் என்று எழுதும்போது, கடைசி ஈ-க்கு முன்னால் எஸ் போட்டு அனுப்பிவிட்டேன். அப்புறம் பர்ஸிலிருந்து அட்டையை எடுத்துப் பார்த்தால் அங்கே சி! 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலும் சி-தான். அன்றிலிருந்து நான் பின்பற்றும் வழி இது.

முதலில் வாக்கியத்தை நாம் வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். ‘டாக்டர் அட்வைஸைக் கேட்டேன்’: வேற்றுமை உருபு ஒட்டுகிறது, பெயர்ச்சொல், சி. ‘டாக்டர் அட்வைஸ் பண்ணினார்’: பண்ணு வந்துவிட்டது, வினை, எஸ். ப்ராக்டிஸுக்கும் இதே கணக்கு. ‘ப்ராக்டிஸுக்குப் போனேன்’ என்றால் சி, ‘தினமும் ப்ராக்டிஸ் பண்ணு’ என்றால் எஸ்.

நான் மாட்டிக்கொண்டது அடுத்த படியில். ‘லைசென்ஸ் பண்ணு’ என்று யாரும் சொல்வதில்லை; எடுக்கிறோம், வாங்குகிறோம், கொடுக்கிறோம். அதனால் எல்லாமே சி என்று நினைத்து, ‘லைசென்ஸ்டு கடை’ என்பதற்கும் சி போட்டேன். தப்பு. அந்த ‘டு’ வினையிலிருந்து வருவது, ஆகவே எஸ். ‘டு’ ஒட்டினால் யோசிக்காமல் எஸ் போடுங்கள்.

அட்வைஸில் காதும் உதவும். வினையாக வரும்போது அந்த எஸ்-ஸை ஆங்கிலேயர் இசட் போல அதிரவைத்துச் சொல்வார்கள். தமிழில் அந்த ஒலி இல்லாததால் நமக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது. சட்டை லூஸ், மேட்சை லூஸ் பண்ணினோம் என்பதிலும் இதே சிக்கல். தொளதொள சட்டைக்கு இரண்டு ஓ, தோற்பதற்கு ஒன்றே ஒன்று. லைசென்ஸிலும் ப்ராக்டிஸிலும் காதை நம்பாதீர்கள், பெயருக்கும் வினைக்கும் ஒரே உச்சரிப்புதான்.

ஸ்பெல்செக்கை நான் பெரிதாக மதிப்பதில்லை. ‘பிரின்சிபல்’ என்று கல்லூரி முதல்வருக்கு எழுத வேண்டிய இடத்தில் ‘கொள்கை’ என்ற பொருள் தரும் சொல்லைப் போட்டாலும் பல சமயம் அது சும்மா இருக்கும். அனுப்பும் முன் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பார்ப்பதே மேல்.

பின்சேர்க்கை: சரியாக சி போட்டும் சிவப்புக் கோடு விழுகிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கும். அங்கே லைசென்ஸ் எப்போதும் எஸ், ப்ராக்டிஸ் எப்போதும் சி. வேர்டில் ‘இங்கிலீஷ் (இந்தியா)’ என்று மாற்றிவிடுங்கள். அட்வைஸ் மட்டும் இரண்டு ஊரிலும் ஒரே மாதிரிதான்.