பிள்ளைகளோடு வெளிநாடு செல்வோர் சர்வதேசப் பாடசாலையைத் தெரிவு செய்யும்போது

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் இருந்து தொழிலுக்காகக் குடும்பத்துடன் வளைகுடாவுக்குச் செல்வோர் பலரும் முதலில் கட்டணத்தையே விசாரிக்கிறார்கள். என் கணிப்பில், எந்தப் பாடத்திட்டம் என்பதையே முதலில் கேட்க வேண்டும். பிரித்தானிய முறைப் பாடசாலைகள் பெரும்பாலும் செப்டெம்பரிலும், இந்தியாவின் சீபீஎஸ்ஈ என்ற மத்திய கல்விச் சபையின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பாடசாலைகள் ஏப்ரலிலும் புதிய ஆண்டைத் தொடங்குவதால், ஜனவரியைக் கணக்கிட்டுப் பழகிய நமக்குச் சில மாதங்கள் வீணாகலாம். வகுப்பின் எண்ணும் ஏமாற்றும்: பிரித்தானிய முறையின் 7ஆம் ஆண்டும் அமெரிக்க முறையின் 6ஆம் தரமும் ஏறத்தாழ ஒரே வயதுப் பிள்ளைகளுக்குரியவை.

மிகக் கவனம் தேவைப்படுவது பத்தாம், பதினோராம் தரப் பிள்ளைகளுக்கே. நமது சாதாரண தரத்துக்கு ஏறத்தாழ நிகரான பிரித்தானிய முறையின் ஐஜீசீஎஸ்ஈ வழக்கமாக இரண்டாண்டுப் பாடநெறி என்பதால் இடையில் சேருபவர் தவறவிட்ட பாடங்களைத் தாமே ஈடுசெய்ய நேரிடும். இயலுமானால் சாதாரண தரப் பரீட்சையை இங்கேயே எழுதிவிட்டுப் புறப்படுவது நல்லது. துபாய்க்குச் செல்வோர், அங்குள்ள தனியார் பாடசாலைகளைப் பற்றி அரசு அதிகார சபையான கேஎச்டீஏ இணையத்தில் வெளியிட்டுள்ள பரிசோதனை அறிக்கைகளைப் பணம் கட்டுமுன் வாசிக்கலாம்.

விடுகைப் பத்திரத்திலும் கடவுச்சீட்டிலும் தகப்பனாரின் பெயர் ஒரே எழுத்துக்கூட்டலில் உள்ளதா என்று ஊரில் இருக்கும்போதே ஒப்பிட்டுப் பாருங்கள்.