வெளியே போகும்போது குழந்தைக்குச் சாப்பிட என்ன எடுத்துப் போவது?

ஆறு மாதம் ஆகாத குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம், தாய்ப்பால் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. பவுடர் பால் கொடுப்பவர்கள் வீட்டிலேயே கலந்து எடுத்துப் போகாமல், கொதிக்கவைத்த தண்ணீரைப் பிளாஸ்கிலும் அளந்த பவுடரை ஈரமில்லாத டப்பாவிலும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, பசிக்கும்போது கலந்து, ஆறவைத்துக் கொடுங்கள். குடிக்க ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

திட உணவு தொடங்கிய குழந்தைக்கு வாழைப்பழம்தான் என் முதல் தேர்வு. கழுவ வேண்டாம், வெட்ட வேண்டாம், டப்பாவும் வேண்டாம்! சமைத்த உணவு என்றால் சாதாரண அறை வெப்பத்தில் 2 மணி நேரம்தான் தாங்கும், 32 டிகிரிக்கு மேல் வெயில் அடித்தால் ஒரு மணி நேரம்தான். அதனால் ஐஸ் பேக் வைத்த பையில் எடுத்துப் போங்கள். அப்புறம், வாயில் வைத்த ஸ்பூனைத் திரும்ப டப்பாவுக்குள் விடாதீர்கள், எச்சில் பட்டால் மிச்சமும் சீக்கிரம் கெட்டுவிடும்.

திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டிக் கொடுங்கள். முழுக் கொட்டைகளும் பாப்கார்னும் சின்னக் குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஓடும் காரில் ஊட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள், தொண்டையில் சிக்கினால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது.

ஹோட்டலில் உப்பு போடுவதற்கு முன்பே கொஞ்சம் தனியாக எடுத்துத் தரச் சொல்லலாம், கேட்கக் கூச்சப்படாதீர்கள். ஒரு வயதுக்குள் தேன் மட்டும் யார் அன்பாக நீட்டினாலும் கூடாது, போட்யூலிசம் என்கிற கடுமையான நோய் வரலாம்.