பெற்றோல் டிரக்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் இதையெல்லாம் செய்யாதீர்கள்

திருகோணமலைப் பக்கம் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று எந்த வயல்வெளிக்குப் போனாலும் இப்போது ஓடுவது டீசல் மெசின்தான். அதனால் பாஸ்மாருக்கும் (மெக்கானிக்குகளுக்கும்) டீசல் கைதான் பழக்கம். 1946 முதல் 1956 வரை செய்த அந்தச் சாம்பல் நிறப் பேர்குசன் மாதிரி ஒரு பழைய பெற்றோல் டிரக்டர் மாரி முழுக்கக் கொட்டிலில் கிடந்துவிட்டு ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்று நின்றால், அதற்கும் டீசல் வைத்தியம் பார்ப்பதில்தான் பாதி வில்லங்கம் தொடங்குகிறது.

உதாரணத்துக்கு, சங்கிலி போட்டு இன்னொரு டிரக்டரால் இழுப்பது. டீசல் எஞ்சினுக்கு எண்ணெயும் அழுத்தமும் இருந்தால் பற்றிக்கொள்ளும், பெற்றோல் எஞ்சினுக்குப் பொறி வேண்டும். பொறி இல்லாததை வரம்பு வரம்பாக இழுத்தால், எரியாத பெற்றோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எஞ்சின் ஒயிலோடு கலக்கும், அவ்வளவுதான். சோக்கை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை விடாமல் அமுக்குவதும் இதே கதை, பிளக் நனைந்து போகும், பற்றரியும் படுத்துவிடும். ஒரு பத்து விநாடி சுற்றுங்கள், பிடிக்கவில்லையா, விட்டுவிட்டு யோசியுங்கள்.

முதலில் பொறி. ஒரு பிளக்கைக் கழற்றி வயரை மாட்டி, அதன் இரும்புப் பகுதி எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்துச் சுற்றிப் பாருங்கள் (பக்கத்தில் பெற்றோல் சிந்தியிருந்தால் துடைத்து, காயவிட்ட பிறகு). நீலமாகப் பளிச்சென்று வந்தால் சரி. மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ உடனே கொயில் (பொறிக்கு வேண்டிய மின்சாரத்தைக் கூட்டித் தரும் சுருள்) வாங்க ஓடாதீர்கள். நிலாவெளி, உப்புவெளி போன்ற கடலோரக் காற்றில் கிடந்த மெசினில் முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்துக் கொடுக்கும் மூடிபோட்ட பகுதி) இருக்கும் பொயிண்ட்தான். மூடியைத் திறந்தால் அந்த இரண்டு சின்ன முனைகளும் சாம்பல் பூத்திருக்கும். மெல்லிய எமரித் தாளால் ஒரு தேய், அப்புறம் ஒரு சுத்தமான கடதாசியை நடுவே விட்டு இழுத்துத் துடை. பல தடவை இத்தோடு வேலை முடிந்துவிடும். துடைத்தும் பொயிண்ட் மறுபடி மறுபடி கருகினால் பொயிண்ட் கருகாமல் காக்கும் கொண்டென்சரைப் பாருங்கள். பார்க்கிற அவசரத்தில் சுவிட்சைப் போட்டபடி விட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகவேண்டாம், பொயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் கொயில் சூடாகிக் கெட்டுவிடும். நாலு பிளக் வயரையும் ஒன்றாகப் பிடுங்குவதும் வேண்டாத வேலை. பேர்குசனில் சிலிண்டர்கள் பற்றும் வரிசை 1-3-4-2, மாறினால் வெடிச்சத்தம்தான் கேட்கும்.

லொறிப் பற்றரி கொண்டுவந்து வயர் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அந்தக் காலத்துப் பிரித்தானிய டிரக்டர்கள் பலவற்றில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியில், அதாவது டிரக்டரின் இரும்பு உடலில், பூட்டப்பட்டிருக்கும். வழக்கப்படி மைனஸைப் பொடியில் கொடுத்தால் டைனமோவும், அதைப் பற்றரியோடு இணைத்துத் துண்டிக்கும் கட்அவுட்டும் அடிவாங்கும்.

பொறி நன்றாக இருந்தால் பெற்றோல். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோல் வாசனையிலேயே தெரியும், பழைய வார்னிஷ் மாதிரி மணக்கும். அதன் மேலேயே புதிதை ஊற்றாமல் வடித்துவிடுங்கள். டாங்கியின் கீழே குழாயோடு இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கழற்றினால் அடியில் தண்ணீர் தனியாக உருண்டு நிற்பதையும் துருப்பொடியையும் கண்ணாலேயே பார்க்கலாம். டாங்கி மூடியில் ஊசி அளவு காற்றோட்டை ஒன்று இருக்கிறது. அதில் குளவி மண்ணை அப்பிவிட்டால் எஞ்சின் பிடித்து, கொஞ்சம் ஓடி, நின்றுவிடும். மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் காரணம் அதுதான். காபரேற்றரில் (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பகுதி) பெற்றோல் வரும் சின்னத் துளையான ஜெட்டைக் கம்பியால் குத்தவே கூடாது, துளை ஒரு மயிரளவு பெருத்தாலும் பிறகு காலம் முழுக்கக் கரும்புகைதான். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள்.

சில மெசின்கள் பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறுகிறவை, வெங்காயத் தோட்டத்து வாட்டர்பம் மாதிரியேதான். மாலையில் மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் காபரேற்றர் கிண்ணம் முழுக்க அதுதான் நிற்கும், விடியக் குளிர்ந்த எஞ்சினில் அது பற்றாது. நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னரே பெற்றோலுக்கு மாற்றி ஓடவிடவேண்டும். மறந்தாயிற்றா? கிண்ணத்தை வடித்துவிட்டுத் தொடங்குங்கள்.

காபரேற்றர் வாயில் பெற்றோலை நேரே ஊற்றிப் பார்ப்பதை மட்டும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எஞ்சின் ஒருமுறை திருப்பித் தும்மியது என்றால் கையிலிருக்கும் போத்தல்தான் முதலில் தீப்பிடிக்கும். ஹேண்டில் போட்டுச் சுற்றுவதானால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று அசைத்துப் பார்த்துவிட்டு, பெருவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்து, கீழிருந்து மேலே இழுங்கள். மேலிருந்து கீழே அமுக்கும்போது திருப்பி அடித்தால் மணிக்கட்டு முறியும்.