அட்லாண்டிக்கைத் தாண்டும் எஃப்-16: எரிபொருள் கணக்கும் டேங்கர் வேலையும்

டேங்க் பாதியானதும் நிரப்பிக்கொள்ளலாம் என்பது சாலைக்குச் சரி. கடலுக்கு மேலே, டேங்கர் எனும் எரிபொருள் விமானத்திடமிருந்து பறந்தபடியே நிரப்பிக்கொள்ளும் போர் விமானத்தில், அப்படி யோசிக்கவே கூடாது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: அடுத்த தடவை எரிபொருள் ஏறாமல் போனால், இப்போது இருப்பதை வைத்து எந்த ஓடுபாதையில் போய் இறங்குவேன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு இறக்கை டேங்குகளோடு எஃப்-16 சுமார் 5,300 கிலோ எரிபொருள் கொள்ளும். மணிக்கு 2,300 கிலோ எரிகிறது, வேகம் 450 நாட் (மணிக்கு 450 கடல் மைல்), மிக அருகிலுள்ள மாற்றுத் தளம் 700 கடல் மைல் தள்ளி என்று வைத்துக்கொள்வோம். அங்கே போக 3,600 கிலோ, இறங்கும்போது கையிருப்பு 700 கிலோ, ஆக 4,300. முழுசாக நிரப்பிய பிறகும் மிச்சம் 1,000 கிலோதான், அதாவது சுமார் 26 நிமிடம். இதோடு 60 நாட் எதிர்க்காற்றைச் சேர்த்தால் தேவை 4,830 கிலோவாக ஏறி, மிச்சம் 12 நிமிடமாகச் சுருங்கிவிடும். வட அட்லாண்டிக்கில் மேல்காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால், கிழக்கே போகும்போது மேற்கே கனடா பக்கம் திரும்ப நேர்ந்தால் இந்தக் காற்று முகத்தில்தான் அடிக்கும். திரும்பும் பாதைக்கான காற்றைத் தனியாகப் போட மறப்பது புதியவர்கள் அடிக்கடி செய்யும் தவறு.

டேங்க் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும்போதே மறுபடி ஏன் நிரப்புகிறார்கள் என்பது இப்போது புரியும். ஒரு டேங்கருக்குப் பின்னால் ஆறு விமானங்கள், ஆளுக்கு நாலு நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கே 24 நிமிடம் ஆகிவிடும். எனவே கணக்கை வரிசையில் கடைசியாக நிற்பவருக்குப் போட வேண்டும். 12 நிமிட மிச்சத்துக்கு ஒரு டேங்கர் போதாது. கனடாவின் கேண்டர், கூஸ் பே, அசோரஸின் லாஜெஸ், ஐஸ்லாந்தின் கெஃப்ளாவிக் ஆகிய மாற்றுத் தளங்களின் வானிலையைப் புறப்படும் நேரத்துக்கு மட்டும் பார்த்தால் போதாது, அங்கே போய்ச் சேரும் நேரத்துக்கும் பாருங்கள்.

முதல் நிரப்பலைக் கரைக்குப் பக்கத்திலேயே செய்துவிடுங்கள். அது அளவுக்காக அல்ல, சோதனைக்காக. எரிபொருள் கதவு திறக்கிறதா, எல்லா டேங்கிலும் ஏறுகிறதா, இறக்கை டேங்குகளிலிருந்து எரிபொருள் ஒழுங்காக உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும். வெளி டேங்கில் சிக்கிக்கொண்ட எரிபொருளும் மொத்தக் கணக்கில் தெரியும், ஆனால் இன்ஜினுக்கு வராது. டேங்குகளைத் தனித்தனியாகப் பார்க்காதவர் இதில் ஏமாந்துபோவார். ஏதாவது ஒன்று சரியில்லை என்றால் அந்த விமானம் திரும்பிவிட வேண்டும், கூடவே வரும் உதிரி விமானம் அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும்.

இணைப்பு நடப்பது இப்படி. சில நிமிடம் முன்பே எரிபொருள் கதவைத் திறந்துவிடுங்கள், வெளி டேங்குகளின் அழுத்தம் இறங்க நேரம் வேண்டும். டேங்கரின் வாலிலிருந்து நீளும் விறைப்பான குழாய்தான் பூம்; அதன் நுனிக்குச் சுமார் 50 அடி பின்னால் அசையாமல் நின்று காட்டுங்கள். பிறகு 2, 3 நாட் வேக வித்தியாசத்தில், கிட்டத்தட்ட நடக்கிற வேகத்தில், முன்னே வாருங்கள். டேங்கர் வகைகளில் ஒன்றான கேசி-135இன் வயிற்றில் இரண்டு வரிசை விளக்குகள் உண்டு: இடது வரிசை மேலே கீழே, வலது வரிசை முன்னே பின்னே. பூமைப் பார்த்து ஓட்டாதீர்கள், டேங்கரின் முழு உடலைப் பாருங்கள். எஃப்-16க்கு எரிபொருள் வாய் காக்பிட்டுக்குப் பின்னால் முதுகில் இருக்கிறது, அதைப் பைலட் பார்க்கவே முடியாது. செருகுவது பூம் ஆபரேட்டரின் வேலை, அவருக்கு அசையாத விமானத்தைக் கொடுப்பது உங்கள் வேலை. இன்ஜின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பெரிதாகத் தள்ளி இழுத்தால் முன்னும் பின்னும் ஊசலாடத் தொடங்கிவிடும். ஊசலாட்டம் வளர்கிறது என்று தெரிந்தால் அங்கேயே திருத்தப் பார்க்காமல் பின்வாங்கி மறுபடி வாருங்கள்.

எரிபொருள் ஏற ஏற விமானம் கனக்கும், அதே வேகத்தில் நிற்க அதிக உந்துவிசை வேண்டும். 25,000 அடியில், வெளிச்சுமையோடு, த்ராட்டில் எல்லை வரை போயும் பின்தங்கினால் கூச்சப்படாமல் டேங்கரிடம் சொல்லுங்கள். அது நிமிடத்துக்குச் சில நூறு அடி என்று மெல்ல இறங்கும், அந்தச் சரிவிலேயே இருவரும் வேலையை முடிக்கலாம்.

குழாயும் கூடையும் உள்ள முறையில் (ரஃபேல், சுகோய்-30 எல்லாம் இதுதான்) டேங்கரின் குழாய் நுனியிலுள்ள கூடைக்குள், தன் விமானத்திலிருந்து நீளும் புரோப் என்ற குழலைச் செருக வேண்டியவர் பைலட்டே. விமானத்தின் மூக்குக் காற்று கடைசி நொடியில் கூடையைத் தள்ளிவிடும். அதைத் துரத்திக் குத்தினால் புரோப் உடையும். வேகமாக மோதி, குழாயைச் சுருட்டும் உருளை தளர்வை இழுக்காமல் விட்டாலோ, குழாய் சாட்டையாக அலைந்து புரோப் நுனியை ஒடித்துவிடும். 1950 செப்டம்பர் 22 அன்று இங்கிலாந்திலிருந்து கிளம்பிய இரண்டு எஃப்-84களில், டேவிட் ஷில்லிங் நிற்காமல் அமெரிக்காவின் மெயின் மாநிலம் போய்ச் சேர்ந்தார். கூட வந்த வில்லியம் ரிச்சியின் புரோப் சேதமானதால் எரிபொருள் ஏறவில்லை, கனடாவின் லாப்ரடாரில் பாராசூட்டில் குதிக்க நேர்ந்தது. உயிர் பிழைத்தார்.

"பிரேக்அவே" என்ற சத்தம் கேட்டால் காரணம் கேட்கக் கூடாது. த்ராட்டிலைக் குறைத்துப் பின்னும் கீழும் விலகுங்கள், டேங்கர் வேகமெடுத்து மேலேறும். மேகத்தில் டேங்கர் கண்ணிலிருந்து மறைந்தால், முன்பே பேசி வைத்த பக்கமும் உயரமும் பார்த்து உடனே பிரிந்துவிடுங்கள்.

கடல் நீர் சுமார் 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் நீர்புகா உடை கட்டாயம். உள்ளே வேர்க்கும், அசௌகரியம்தான், ஆனாலும் கழற்றக் கூடாது. பறக்கும்போது சிறுநீர் பிடிக்கும் பையைப் பயன்படுத்துவதைத் தவிர்க்க நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் இருப்பவருக்கு, ஆறாவது மணி நேரத்தில் தலைவலியும் கவனச் சிதறலும் வரும். அப்போதும் இணைப்பு வேலை பாக்கி இருக்கும்.

பசிபிக் வழி என்றால் இன்னொன்று. 2007 பிப்ரவரியில் ஹவாயிலிருந்து ஒக்கினாவாவுக்குக் கிளம்பிய எஃப்-22கள் 180 டிகிரி தீர்க்கரேகையைத் தாண்டியதும் அவற்றின் வழிகாட்டும் கணினிகள் செயலிழந்தன. டேங்கர்களைக் கண்ணால் பார்த்துத் தொடர்ந்தே ஹவாய் திரும்பின. நிரப்பல் இல்லாத நேரத்திலும் டேங்கரை விட்டுத் தூரம் போகாதீர்கள்.

கடைசி நிரப்பலுக்குப் பின் இறங்கும் தளம், அது மூடியிருந்தால் அடுத்த தளம், அதற்கு மேல் கையிருப்பு, இந்த மூன்றுக்கும் போதுமான எரிபொருள் எல்லா விமானங்களிலும் இருப்பதை ரேடியோவில் ஒவ்வொருவராகச் சொன்ன பிறகே டேங்கரை விடுவியுங்கள்.