ஒரே லினோவில் மூன்று நிறம்: வெட்டுவதற்கு முன் அச்சின் மேலேயே வரைந்து பாருங்கள்

நாற்று நடவுப் படம் ஒன்றை மூன்று நிற லினோகட்டாக, அதாவது லினோலியம் தகட்டைச் செதுக்கி மை தடவி எடுக்கும் அச்சாகப் போட்டு முடிக்க எனக்கு ஐப்பசியில் ஆரம்பித்துத் தை வரை ஆனது. கும்பகோணத்தில் அந்த மழைக்காலத்தில் துவைத்த துணியே மூன்று நாள் காயாது, எண்ணெய் மை எப்படிக் காயும்? இடையில் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். உளி பிடிக்கவும் ரோலரில் மை எடுக்கவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஒரு நிற அச்சே இன்னும் போட்டதில்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள். வங்காள ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் செதுக்கிய, கோல் ஊன்றி நடக்கும் காந்தியைத் தேடிப் பாருங்கள். நம்மவர்கள் வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்து போன அதே வருடம். கருப்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அவ்வளவு செய்திருக்கிறார்.

நான் சொல்லப் போவது ரிடக்‌ஷன் முறை. மூன்று நிறத்துக்கும் ஒரே லினோ பலகைதான். வெள்ளையாக நிற்கவேண்டிய இடத்தை முதலில் வெட்டிவிட்டு வெளிர் நிறத்தை அச்சடிக்கிறோம், அப்புறம் வெளிராகவே நிற்கவேண்டிய இடத்தை வெட்டிவிட்டு அதன் மேல் நடு நிறம், கடைசியில் அடர் நிறம். வெட்டுவது எப்போதும் ஏற்கெனவே அடித்த நிறத்தைக் காப்பாற்றத்தான். இது பிடிபடாவிட்டால் கோடாலிக்கருப்பூர்ச் சேலையை நினைத்துக்கொள்ளுங்கள். கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்காகச் செய்த துணி அது. நிறம் ஏறக்கூடாத இடத்தை மெழுகால் மூடிவிட்டுச் சாயத்தில் போடுவார்கள். அங்கே மெழுகு செய்வதை இங்கே உளி செய்கிறது.

முதலில் சின்னதாக, உள்ளங்கை அளவுக்கு, போஸ்டர் கலரில் ஒரு படம் போடுங்கள். மூன்று நிறத்துக்கு மேல் தொடாதீர்கள். என்னுடையதில் வயல் தண்ணீரில் தெரியும் வானத்துக்குத் தாளின் வெள்ளை, சேற்றுக்கு வைக்கோல் நிறம், நாற்றுக்குப் பச்சை, குனிந்து நடும் பெண்களுக்கும் பனைமரத்துக்கும் கரும்பச்சை. பலகைக்கு மாற்றும்போது இடம் வலம் மாறும், டிரேசிங் தாளைத் திருப்பிப் போட்டு கார்பன் வைத்து வரையுங்கள். எட்டுப் பிரதி வேண்டுமென்றால் பன்னிரண்டு தாளில் ஆரம்பியுங்கள். பலகையை வெட்டிவிட்ட பிறகு பழைய நிறத்தைத் திரும்ப அச்சடிக்க வழியே கிடையாது.

இனி நான் சறுக்கிய இடம். ஒவ்வொரு நிறமும் முந்தையதன் மேல் சரியாக உட்கார ஒரு சட்டம் வேண்டும். பிளைவுட் துண்டு ஒன்றில், லினோ அளவுக்கே, அதாவது சுமார் 3 மி.மீ. தடிமனுள்ள அட்டையை ‘ட’ வடிவத்தில் அகலமாக வெட்டி ஒட்டுங்கள். பலகையை அந்த மூலையில் இடித்து வைக்கவேண்டும். அந்த அட்டையின் மேல், வெளி ஓரமாக, மெல்லிய அட்டையில் இன்னொரு ‘ட’. இது தாளின் மூலைக்கு. தாளை இதில் இடித்து வைத்து மெதுவாக மை மேல் இறக்கவேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் எனக்கு இரண்டாவது நிறம் 2 மி.மீ., 3 மி.மீ. என்று தாளுக்குத் தாள் வேறு அளவில் விலகியது. பன்னிரண்டில் ஏழு போயிற்று. சட்டத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினேன், அப்போதும் அதே கதைதான். இரண்டு நாள் கழித்துத்தான் கண்ணில் பட்டது: நான் வாங்கியது புதுச்சேரிக் கைத்தாள், நான்கு ஓரமும் பிசிறு. நேரான விளிம்பு இல்லாத தாள் எந்த மூலையில் போய் இடிக்கும்? இப்போது ஸ்டீல் ஸ்கேல் வைத்து ஒரு மூலையின் இரண்டு ஓரத்தை மட்டும் கட்டரால் செங்கோணமாக வெட்டிவிடுகிறேன். மற்ற இரண்டு ஓரமும் அழகுக்குப் பிசிறாகவே இருக்கட்டும். வெட்டிய மூலையின் பின்பக்கத்தில் பென்சிலால் ஒரு குறி போடுங்கள், மூன்று நிறத்துக்கும் அதே மூலைதான்.

முதல் நிறம் அடித்தாகிவிட்டது. உடனே உளியை எடுக்காதீர்கள். சரியாக விழாத அச்சு ஒன்று கட்டாயம் இருக்கும், அதைக் காயவிட்டு அடுத்த நிறத்தைத் தூரிகையால் அதன் மேல் தீட்டிப் பாருங்கள். பச்சை அடித்த பிறகும் இப்படியே, கரும்பச்சையைத் தீட்டிப் பார்த்துவிட்டு வெட்டுங்கள். எனக்கு இதுதான் முழு வேலையிலும் பிடித்த கட்டம், ஓவியமும் அச்சும் ஒரே தாளில் சந்திக்கின்றன. நான் ஐந்து பனைமரம் வைத்திருந்தேன். தீட்டிப் பார்த்தபோது பெண்களின் முதுகை அவை அமுக்குவது தெரிந்தது, மூன்றை எடுத்துவிட்டேன். டச்சு ஓவியர் ரெம்பிராண்டும் இதைச் செய்திருக்கிறார். 1631இல் தன் உருவத்தைச் செப்புத்தகட்டில் போட்டபோது தலையை மட்டும் முடித்து அச்செடுத்து, அந்த அச்சில் உடலைக் கருப்புச் சாக்கால் வரைந்து பார்த்துவிட்டுத்தான் மேலே போனார். இந்த நடுக்கட்டத் தாள்களைத் தயவுசெய்து கசக்கிப் போடாதீர்கள். தேதி எழுதி வையுங்கள், அடுத்த படத்துக்கு அவைதான் வாத்தியார்.

மை விஷயத்தில் என் விருப்பம் எண்ணெய் மைதான். நீர் மை நம் சித்திரை வெயிலில் ரோலரிலேயே காய்ந்துவிடும். எண்ணெய் மை ஈரம் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் அடுக்கி வைக்காமல் கொடியில் கிளிப் போட்டுக் காற்றோட்டமாகத் தொங்கவிடுங்கள். மழைக்காலத்தில் ஒரு நிறத்துக்கு ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ரோலரையும் பலகையையும் கழுவ மண்ணெண்ணெய் வேண்டாம், சமையல் எண்ணெயால் துடைத்துவிட்டு சோப்புப் போட்டால் போதும். தாளின் பின்பக்கத்தைத் தேய்த்து அச்செடுக்க பிரஸ் தேவையில்லை, மழுங்கிய மரக்கரண்டியின் முதுகே போதும்.

பின்னால் சேர்த்தது: படித்தவர்களில் இரண்டு பேர், காய்ந்த மையின் மேல் போஸ்டர் கலர் ஒட்டாமல் உருண்டு ஓடுகிறது என்று எழுதியிருந்தார்கள். நான் அக்ரிலிக் பயன்படுத்தியதால் எனக்கு அது தெரியவில்லை. முகப்பவுடரைப் பஞ்சில் தொட்டு லேசாக ஒற்றித் துடைத்துவிட்டு, வண்ணத்தில் ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் கலந்து தீட்டிப் பார்த்தேன், பிடித்தது. இன்னொருவருக்கு மூன்றாவது நிறமே தாளில் ஏறவில்லை. சீக்கிரம் காய வேண்டுமென்று கோபால்ட் டிரையரை நிறைய ஊற்றியிருக்கிறார். அது அதிகமானால் கீழ் நிறம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இறுகி அடுத்த மையைத் தள்ளிவிடும். ஒரு கரண்டி மைக்கு ஒரு சொட்டுக்கு மேல் விடாதீர்கள், மழை நாளாக இருந்தாலும்.