‘அது மேகத்துல இருக்கு’ என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள்

ஆறு வயசுப் பிள்ளை “இந்தப் படமெல்லாம் எங்கேயிருந்து வருது?” என்று கேட்டால், நம்மில் பலர் வைஃபை பெட்டியைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். வைஃபை வீட்டுக்குள் இருக்கும் கடைசிச் சில அடி தூரம் மட்டும்தான். ‘கிளவுட்’ என்பதை மேகம் என்று சொன்னால் அதைவிட மோசம், பிள்ளை நிஜமாகவே வானத்தைப் பார்க்கும். மழை பெய்தால் படமெல்லாம் நனைந்துவிடுமா என்று என் அக்கா மகள் கேட்டாள். எங்கோ ஒரு கட்டடத்தில் இரவு பகலாக ஓடும் கணினியில் அகப்பக்கம் இருக்கிறது, தூர தேசம் என்றால் பெரும்பாலும் கடலுக்கடியில் கிடக்கும் கேபிள் வழியாக வருகிறது என்று நேராகவே சொல்லுங்கள். பினாங்குப் பிள்ளைக்கு இது இன்னும் சுலபமாகப் புரியும். தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரிஷியஸ், கொச்சி வழியாக வரும் ‘சேஃப்’ கேபிள் 2002 முதல் நம் ஊரில்தான் கரையேறுகிறது.

அப்புறம், அகப்பக்கம் நம்மைத் தேடி வருவதற்குத் தபால்காரர் கடிதம் கொண்டுவரும் கதை வேண்டாம். கடிதமே பார்க்காத பிள்ளைக்கு அது இன்னொரு புதிர். அங்காடிக் கடையில் மேசை எண்ணைச் சொல்லி மீ கோரெங் கேட்கிறோமே, அதைச் சொல்லுங்கள்: எண் தெரிந்தால்தான் தட்டு நம்மிடம் வந்து சேரும், நம் கணினிக்கும் அப்படி ஓர் எண் உண்டு.

ஆனால் இந்த உவமையை அங்கேயே விட்டுவிடுவதைத்தான் பெரிய தவறு என்பேன். மீ கோரெங் நம் மேசைக்கு வந்தால் கடையில் ஒரு தட்டு குறையும். அகப்பக்கம் குறையாது, ஏனென்றால் வருவது நகல். இதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுவது நல்லது. மடிக்கணினியில் ஒரு செய்திப் பக்கத்தைத் திறந்து, தலைப்பின்மேல் வலது கிளிக் செய்து, ‘இன்ஸ்பெக்ட்’ போய், அந்த வரியை அழித்துவிட்டு அக்கா மகளின் பெயரை எழுதினேன். “சித்தி, நான் செய்தியில வந்துட்டேன்!” என்று குதித்தாள். சரி, அம்மா கைப்பேசியில் பார்ப்போம் என்று அதே பக்கத்தைத் திறந்தோம், பழைய தலைப்புதான். ரீஃப்ரெஷ் அழுத்தியதும் மடிக்கணினியிலும் அவள் பெயர் காணாமல் போனது. “அப்போ அங்க இருக்கிறது அங்கேயேதான் இருக்கா?” என்றாள்.

அந்தக் கேள்வி வந்த கையோடு படம் அனுப்புவதைப் பற்றியும் பேசிவிடுங்கள். நாம் அனுப்பும் படமும் நகலாகத்தான் போகிறது, நம் கைப்பேசியில் அழித்தாலும் வாங்கியவர் கையில் அது இருக்கலாம்.

கூகுளுக்குள் எல்லாம் இருக்கிறது என்றும் சொல்லாதீர்கள். எந்த அகப்பக்கம் எங்கே என்று அது வழி காட்டுகிறது, அவ்வளவுதான்.

சர்வர், பிரவுசர் என்ற பெயர்களோடு ஆரம்பித்தால் பிள்ளை எழுந்து ஓடிவிடும். “அந்த ஓடிக்கிட்டே இருக்கிற கம்ப்யூட்டருக்கு என்ன பேரு?” என்று அடுத்த வாரம் அவளாகவே கேட்டபோதுதான் சர்வர் என்றேன்.