பனிச்சரிவு அபாயமுள்ள மலையில் நடப்பது எப்படி? முதன்முறை போகிறவர்களுக்கு

பனிச்சரிவில் சிக்கியவர்களில் பெரும்பாலோர், தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட சரிவில்தான் சிக்கியிருக்கிறார்கள். கேட்கப் பயமாக இருந்தாலும் ஒருவகையில் இது நல்ல சேதி. எங்கே கால் வைப்பது என்பது நம் கையில்தானே இருக்கிறது?

முதலில் அது எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடுவோம். அடியில் சர்க்கரை போல ஒன்றோடொன்று ஒட்டாத பனி. அதன்மேல் காற்று அடித்து இறுக்கிய பனி, பலகை மாதிரி. நாம் ஏறி நின்றதும் அடி அடுக்கு நொறுங்குகிறது. பலகை நமக்கு மேலே எங்கோ விரிசல் விட்டு, நம்மையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. சாய்வு குறைந்த இடத்தில் பலகை நகராது. மிகச் செங்குத்தான இடத்தில் பனி அவ்வளவாகத் தங்காது. இரண்டுக்கும் நடுவில், 30 முதல் 45 டிகிரி வரைதான் வம்பு.

படி 1: கிளம்புமுன்

அந்தப் பகுதிக்கான பனிச்சரிவு முன்னறிவிப்பைப் படியுங்கள். பல நாடுகளில் அபாயத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டுச் சொல்கிறார்கள். 3 என்றால் 'நடுத்தரம்தானே' என்று நினைத்துவிடாதீர்கள். உயிரிழப்புகளில் பெரும்பங்கு அந்த நிலையில்தான் நிகழ்கிறது. 4, 5 நாட்களில் மக்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள், 3 அன்று துணிந்து கிளம்பிவிடுகிறார்கள்.

ஆளுக்கொரு டிரான்ஸ்சீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பவும் பெறவும் உதவும் சிறு கருவி), ப்ரோப் கம்பி (பனிக்குள் குத்தித் தேடும் நீளமான மடக்குக் கம்பி), உலோக மண்வெட்டி வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் மற்ற இரண்டால் பெரிய பயனில்லை. டிரான்ஸ்சீவரைப் பையில் போடாமல் உடம்போடு கட்டுங்கள். செல்போனை அதிலிருந்து 20 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். தேடும்போது 50 செ.மீ.

படி 2: சாய்வை அளப்பது

வரைபடத்தில் உயரக்கோடுகள் நெருங்கியிருந்தால் செங்குத்து என்று அர்த்தம். நேரில் பார்க்கக் கண்ணை நம்பாதீர்கள். ஒரே நீளமுள்ள இரண்டு மலையேற்றக் கோல்கள் போதும். ஆபத்தில்லாத ஒரு சின்ன மேட்டில் பழகிக்கொள்ளுங்கள்.

கோலின் கூர்முனை மேலே, கைப்பிடி கீழே வரும்படி சரிவில் நேர்கீழாகப் படுக்கவைத்து அழுத்துங்கள். பனியில் தடம் விழும். கூர்முனையை அங்கேயே வைத்துக்கொண்டு கைப்பிடியைத் தூக்குங்கள். அந்தக் கைப்பிடியிலிருந்து இரண்டாவது கோலைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் முனை பனியைத் தொடும் வரை இரண்டு கைப்பிடிகளையும் சேர்த்து ஏற்றியிறக்குங்கள். தடத்தின் கீழ்முனையிலேயே தொட்டால் சரியாக 30 டிகிரி. அதற்குக் கீழே தொட்டால் இன்னும் செங்குத்து; 120 செ.மீ. கோலில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஏறக்குறைய 3 டிகிரி கூட்டிக்கொள்ளுங்கள். சமபக்க முக்கோணம்தான், வேறொன்றுமில்லை. பள்ளிக்கூடக் கணக்கு எனக்கு உருப்படியாக உதவியது இங்கேதான்.

ஒன்றை மறக்காதீர்கள். நீங்கள் நடப்பது சமதரையாக இருக்கலாம், தலைக்கு மேலே 35 டிகிரி சரிவு இருந்தால் அதுவும் உங்கள் கணக்கில்தான்.

படி 3: பனி சொல்வதைக் கேளுங்கள்

காலடியில் 'தொம்' என்று அமுங்கிய ஓசை கேட்கிறதா? காலிலிருந்து விரிசல் ஓடுகிறதா? பக்கத்துச் சரிவில் புதிதாகச் சரிந்த தடம் தெரிகிறதா? திரும்பிவிடுங்கள், அல்லது 30 டிகிரிக்குக் குறைந்த இடமாகப் பார்த்து நடங்கள். கடந்த ஓரிரு நாளில் கடும் பனியோ மழையோ பெய்திருந்தாலும், திடீரென வெயில் ஏறினாலும் இதே கதைதான். காற்று ஒருபக்கப் பனியை அள்ளி மறுபக்கத்தில் குவிக்கும். காற்று மறைவான பக்கம் நடக்கச் சுகமாக இருக்கும், ஆனால் பாரம் ஏறியிருப்பது அங்கேதான்.

படி 4: கடந்தே ஆகவேண்டுமென்றால்

ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும். முதலாமவர் பாதுகாப்பான இடத்தை அடையும்வரை மற்றவர்கள் ஓரமாக நின்று அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கீழே பள்ளமோ ஓடையோ பாறை விளிம்போ இருந்தால் சின்னப் பனிச்சரிவும் ஆளைக் கொல்லும். அந்த வழியே வேண்டாம்.

படி 5: பனிச்சரிவு நேர்ந்துவிட்டால்

சிக்கியவர் கத்த வேண்டும், கோல்களை விட்டுவிட்டு ஓரத்துக்குப் போகப் போராட வேண்டும். வேகம் குறையும்போது கையை முகத்துக்கு முன்னால் வைத்து மூச்சுவிட இடம் பிடிக்க வேண்டும்.

மற்றவர்கள் கடைசியாக அவர் தெரிந்த இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, இன்னொரு பனிச்சரிவு வராது என்று பார்த்துவிட்டு, எல்லா டிரான்ஸ்சீவர்களையும் தேடும் நிலைக்கு மாற்றுங்கள். முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரைமணிக்குப் பிறகு மூவரில் ஒருவர்தான். என் முதல் பயிற்சியில் ப்ரோப் கம்பியை இணைக்கவே எனக்கு ஒரு நிமிடம் போய்விட்டது, அதுவும் கையுறையில்லாமல். ஆகவே பயிற்சி வகுப்பு ஒன்றில் சேருங்கள். எழுத்தில் படித்தது விரல்களுக்கு ஏறாது.

ப்ரோப் ஆள்மேல் தட்டினால் அதைப் பிடுங்காதீர்கள். அதற்குச் சற்றுக் கீழே, சரிவின் தாழ்ந்த பக்கத்திலிருந்து அவரை நோக்கித் தோண்டுங்கள். முகம் தெரிந்ததும் வாயிலும் மூக்கிலும் உள்ள பனியை எடுத்துவிட்டு, மார்பின் மேலுள்ள பாரத்தை நீக்குங்கள். கால்களை அப்புறம் தோண்டிக்கொள்ளலாம்.